புலிக்கு வழி அடைபட்டால்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கு 23 அலகுகள். ஒளியியல், மின்னோட்டம், மரபியல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, பொதுத்தேர்வு நெருங்கி எல்லாருக்கும் மூச்சு வாங்கும் நேரத்தில் 23ஆவது அலகு வருகிறது: 'காட்சித் தொடர்பு'. அது ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளை அறிமுகம் செய்கிறது. மேடை எது, அதில் அசையும் உருவமான ஸ்பிரைட் எது, கட்டளைகளை எங்கே அடுக்குவது என்றெல்லாம் விளக்கிவிட்டு, வழக்கம்போல் கேள்விகளோடு முடிகிறது. அசைவூட்டம் உருவாக்க உதவும் மென்பொருள் எது? ஸ்பிரைட் என்றால் என்ன?

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது குண்டடம். வெளியூர்க்காரர்களுக்குக் காலபைரவர் வடுகநாதர் கோயிலால் தெரிந்த ஊர். சுற்றிலும் மானாவாரிக் காடு, ஆடு மாடு, காற்றாலை. இந்த வட்டாரத்துக் கிராமங்களில் காலையிலேயே பனியன் கம்பெனி வண்டிகள் ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் கிளம்பிவிடுகின்றன. அந்த வண்டிகளில் போகிறவர்களின் பிள்ளைகள் கையிலும் அதே அறிவியல் புத்தகம்தான், அதே 23ஆவது அலகுதான். ஸ்பிரைட் என்றால் என்ன என்ற கேள்விக்கு இரண்டு வரி மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் அதற்காக அதை உருவாக்கவில்லை.

ஸ்க்ராட்ச் 2007 மே மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு செய்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டங்களை மவுஸால் இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் ஆகிவிடும். பொருந்தாத கட்டம் ஒட்டாது. எழுத்துப்பிழையால் நிரல் நின்றுபோகும் தொல்லை இதில் இல்லை. இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதில் அதிகம் செய்து பார்ப்பவற்றில் ஒன்று விளையாட்டு.

இதன் வேர் இன்னும் பழையது. 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற மொழியை வடிவமைத்தார்கள். 'முன்னே போ', 'வலது திரும்பு' என்று சொன்னால் ஓர் ஆமை நகர்ந்து கோடு வரையும். வட்டம் வரையத் தெரியாத குழந்தையை எழுந்து நடந்து பார்க்கச் சொன்னார் பேப்பர்ட். கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, மறுபடி கொஞ்சம் நட. உடம்பு கண்டுபிடித்ததைக் குழந்தை ஆமைக்குச் சொல்லிக்கொடுக்கும். குழந்தை கணினிக்குக் கற்பிக்க வேண்டும், கணினி குழந்தைக்குக் கற்பிப்பது பிறகு என்பது அவர் பிடிவாதம்.

அதே காலத்தையொட்டி இன்னொரு வழியும் திறந்தது. 1973இல் டேவிட் ஆல் என்பவர் பேசிக் மொழியில் எழுதிய விளையாட்டு நிரல்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். பிற்காலத்தில் அதன் மறுபதிப்பு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. வாங்கியவர்கள் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். ஓரிடத்தில் தவறினால் ஆட்டம் ஓடாது. எங்கே தவறினோம் என்று தேடினார்கள். பிறகு எண்ணை மாற்றிப் பார்த்தார்கள், விதியை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு தலைமுறை நிரலாளர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது? சம்பளப் பட்டியல் போடும் நிரலில் ஒரு பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க, சரியான விடை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விளையாட்டில் அந்தத் தேவை குறைவு. பந்து மட்டையில் பட்டுத் திரும்பாமல் ஊடுருவிப் போனால் பிழை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். எது சரி என்பது அதன் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. திரையில் நடப்பது வேறாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தானே பார்த்து, தானே அடைக்க முயல்வதுதான் நிரலாக்கப் படிப்பின் உயிர்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கணினிக்கென்று தனி ஆசிரியர் பெரும்பாலும் மேல்நிலை வகுப்புகளுக்குத்தான். பத்தாம் வகுப்பு வரைக்கும் அறிவியல் ஆசிரியரோ கணக்கு ஆசிரியரோதான் அந்தக் கடைசி அலகையும் நடத்தியாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் நிரலையும் உட்கார்ந்து திருத்த அவருக்கு ஏது நேரம்? தன் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் நிரல், பெருநகரப் பள்ளியைவிட இப்படிப்பட்ட பள்ளிக்குத்தான் அதிகம் தேவை.

எந்த விளையாட்டைச் செய்வது என்பதில்தான் ஊருக்கு வேலை இருக்கிறது. விதி நன்றாகத் தெரிந்த ஆட்டமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கொங்கு நாட்டு வீடுகளில் பாட்டிமார் கையில் இருந்த பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, மொத்தம் 14. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் 70.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கணினிக்குச் சொல்லித்தர உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவளுக்கு 14 எண்களை நினைவில் வைக்க ஓரிடம் வேண்டும். 14 தனித்தனி மாறிகளை உருவாக்கத் தொடங்கி, நாலைந்தாவதிலேயே சலித்துப்போவாள். அந்தச் சலிப்பில்தான் பட்டியல் என்ற கருத்துக்கு வாசல் திறக்கிறது. ஒரே பெயர், உள்ளே 14 இடங்கள். குழிகளுக்கு 0 முதல் 13 வரை எண் கொடுக்கிறாள்.

அடுத்து காய் போடுவது. ஒன்பதாம் குழியில் எட்டுக் காய் இருக்கிறது. அள்ளி 10, 11, 12, 13 என்று போட்டுக்கொண்டே போனால் 14ஆம் குழி இல்லை. கை சுற்றி வந்து 0, 1, 2, 3 என்று விழ வேண்டும். பாட்டியின் கை யோசிக்காமல் திரும்புகிறது. கணினியின் கை திரும்பாது. இல்லாத 14ஆம் குழியில் போடப் பார்த்துக் காயைத் தொலைக்கும். ஒன்பதோடு எட்டைக் கூட்டினால் 17. அதை 14ஆல் வகுத்தால் மீதி 3. கடைசிக் காய் விழும் இடம் அதுதான். தொடக்கப் பள்ளியிலேயே கற்ற மீதி, எதற்கு என்று தெரியாமலே இத்தனை வருடம் கூட வந்த மீதி, இங்கே ஒரு வேலைக்கு வருகிறது. கடிகார முள்ளும் வாரக்கிழமையும் மறையாக்கமும் ஓடுவது இந்த மீதிக் கணக்கில்தான்.

காய் தொலைந்ததை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? குழிகளில் இருப்பதையும் இருவர் ஜெயித்து வைத்திருப்பதையும் கூட்டினால் எந்த நேரத்திலும் 70 வர வேண்டும். 69 வந்தால் எங்கோ ஓட்டை. ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் இந்தக் கூட்டலைச் செய்து, 70 வராவிட்டால் கத்தும்படி நான்கு கட்டங்களைச் சேர்த்துவிட்டால் போதும். எத்தனை படி ஓடினாலும் மாறாமல் இருக்க வேண்டிய இப்படியொரு உண்மையைப் பிடித்துக்கொண்டு நிரல் சரியானதா என்று நிறுவும் முறையை ராபர்ட் ஃபிளாய்ட் 1967இலும் டோனி ஹோர் 1969இலும் வகுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களுக்குக் கடினமாகத் தோன்றும் பாடம் அது. புளியங்கொட்டையை எண்ணத் தெரிந்தவருக்கு அதன் கரு பிடிபடும்.

பிறகு வருவது சண்டை. கையில் இருந்த காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். இரண்டு குழி தொடர்ந்து காலியாக இருந்தால்? பசு எதிராளியின் பக்கத்தில் விழுந்தால் யாருக்கு? ஒரு வீட்டு விதி பக்கத்து வீட்டில் செல்லாது. நேரில் ஆடும்போது விட்டுக்கொடுத்துப் போகலாம். நிரலில் ஒவ்வொரு 'என்றால்'க்கும் ஒரு முடிவு எழுதியாக வேண்டும். பிள்ளைகள் பாட்டியிடம் போய்க் கேட்டு வருவார்கள். இரண்டு பாட்டிகள் இரண்டு விதி சொல்வார்கள். மென்பொருள் நிறுவனங்களில் வாடிக்கையாளரிடம் தேவையைக் கேட்டறிவதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த வேலையின் முழுக் கஷ்டமும் இதில் இருக்கிறது.

கூர்மையான பிள்ளை இன்னொன்றும் கேட்கும். அள்ளி, போட்டு, மறுபடி அள்ளி என்று போய்க்கொண்டே இருந்தால் ஒரு கை முடியாமலே போக வாய்ப்பு உண்டா? ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்று எல்லா நிரல்களுக்கும் சொல்லிவிடக்கூடிய பொதுவழி கிடையாது என்று 1936இல் ஆலன் டூரிங்கின் ஆய்வு காட்டியது. ஆனால் பல்லாங்குழிக்கு வழி உண்டு. 70 காய்களை 14 குழிகளில் வைக்கும் விதங்கள் எத்தனை பெரிய எண்ணாக இருந்தாலும் எல்லைக்கு உட்பட்டவை. ஒரே கைக்குள் அதே அமைப்பு, அதே இடத்தில் இரண்டாம் முறை வந்துவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கப் போகிறது என்று பொருள். வந்த அமைப்புகளைக் குறித்துவைத்துக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம்.

படம் வரைவதற்கு வந்தால் பிள்ளைகளின் பெற்றோருக்கே சொல்ல விஷயம் இருக்கும். திருப்பூரில் காலர் மிஷின் ஓட்டுகிறவர் டிசைனைக் கட்டம் கட்டமாகப் பார்க்கிறார். இந்தக் கட்டத்துக்கு இந்த நூல், அடுத்த கட்டத்துக்கு வேறு நூல். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை. பழைய விளையாட்டுகளின் உருவங்களும் இதே கட்டங்கள்தான். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் வேற்றுலகப் பிராணியின் உயரம் எட்டே புள்ளி. அதை அப்படியே காலரில் பின்னிவிடலாம். இந்த உறவு தற்செயலும் இல்லை. 1804இல் ஜோசப் மேரி ஜக்கார்ட் தறியின் நூலை ஏற்றி இறக்க அட்டையில் துளையிட்டு வைத்தார். அந்தத் துளையட்டைதான் பிறகு சார்லஸ் பாபேஜின் கணக்கு எந்திரத் திட்டத்துக்குள்ளும், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் எந்திரத்துக்குள்ளும் போனது. கட்டத்தாளில் எட்டுக்கு எட்டாக ஓர் ஆட்டுத் தலையை வரைந்து, நிரப்பிய கட்டத்துக்கு 1, காலிக் கட்டத்துக்கு 0 என்று எழுதச் சொன்னால், 64 எண்களில் ஓர் உருவம் கிடைத்துவிடும். பிட் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிமுகம் வேறு வேண்டுமா?

ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. எதிரிகளைச் சுட்டுக் குறைக்கக் குறைக்க, மிஞ்சியவை வேகமாக ஓடும். ஆட்டத்துக்கு அந்த விறுவிறுப்பைக் கொடுத்ததே அதுதான். அந்தக் காலத்துச் செயலியால் அத்தனை உருவங்களையும் வேகமாக வரைய முடியவில்லை. எண்ணிக்கை குறைந்ததும் அதன் சுமை குறைந்து ஓட்டம் கூடியது. நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் விட்டுவைத்தார். வேலையின் அளவு கூடினால் நேரம் எவ்வளவு கூடும் என்று அளப்பது கணினியியலின் மையக் கேள்வி. ஸ்க்ராட்ச் மேடையில் ஒரு ஸ்பிரைட்டை நூறாகப் பெருக்கிவிட்டு, கணினி திணறுவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக எழும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ரெப்பெனிங் குழு இந்த வழியை ஒழுங்காக வகுத்தது. பிள்ளைகள் முதலில் தவளை சாலையைக் கடக்கும் ஆட்டத்தைச் செய்வார்கள். மோதினால் என்ன, எங்கிருந்து வண்டி பிறக்கிறது, எங்கே மறைகிறது என்று சில அடிப்படை அமைப்புகள் கைவந்துவிடும். பிறகு அதே அமைப்புகளை வைத்துக் காட்டுத்தீ பரவுவதையும் தொற்றுநோய் பரவுவதையும் உருவகித்துப் பார்ப்பார்கள். விளையாட்டில் மோதல், நோயில் தொற்று.

இந்த வழியில் ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையொன்று, ஸ்க்ராட்சில் பழகும் மாணவர்களிடம் இரண்டு பழக்கங்களைக் கண்டது. திட்டமிடாமல் கைக்குக் கிடைத்த கட்டங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பது ஒன்று. ஒரே வேலையைத் துண்டு துண்டாகச் சிதறடிப்பது மற்றொன்று. ஆட்டம் ஓடிவிடுகிறது, ஆனால் ஏன் ஓடுகிறது என்று செய்தவருக்கே சொல்லத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு விளக்கவைக்கும் ஒரு பெரியவர் வகுப்பில் இருந்தாக வேண்டும். பிழையைத் திரை காட்டும். சரியாக வந்ததற்கான காரணத்தைத் திரை கேட்காது. ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் என்றாலும், அது அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

விளையாடவைத்துக் கற்பிக்கும் செயலிகள் இன்று ஏராளம். சரியான விடைக்கு நட்சத்திரம், தொடர்ந்து வந்தால் பதக்கம். அவற்றையும் இதையும் ஒன்றாகப் பார்ப்பது பிசகு. அங்கே யாரோ செய்த ஆட்டத்துக்குள் பிள்ளை ஓடுகிறது; இங்கே ஓடும் விதியைப் பிள்ளை எழுதுகிறது.

கருவிக்குப் பஞ்சம் என்று முன்புபோல் சொல்லிவிட முடியாது. 2011இலிருந்து மேல்நிலை மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுத்தது. 2019ஐ ஒட்டி 6,000க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் பாடமாக இருக்கின்றன. கணினி இல்லாத வீட்டிலும் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த பாக்கெட் கோட் செயலியால் போனிலேயே கட்டங்களை அடுக்கி விளையாட்டுச் செய்யலாம். ஆங்கிலம் தடை என்றால், முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இருக்கிறது. கட்டளைகள் முழுக்கத் தமிழ். லோகோவின் ஆமைபோல் கோடு வரையும் வசதியும் உண்டு. மேற்கே மலை தாண்டினால் கேரளம். அங்கே 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' திட்டத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மன்றமாகச் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளில் ஸ்க்ராட்ச், அசைவூட்டம், செயலி உருவாக்கம் என்று செய்து பழகுகிறார்கள். பாடப்புத்தகத்தின் ஓர் அலகு என்பதைத் தாண்டி, வாராவாரம் கூடும் மன்றமாக அதை வைத்ததுதான் அங்கே நடந்த முக்கியமான காரியம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அந்த 23ஆவது அலகுக்குக் கிடைக்காதது அந்த வாராந்தர நேரம்.

நேரம் கிடைத்து, பல்லாங்குழி முடித்து, பைத்தானும் பழகிவிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் குழுவுக்கு ஆடு புலி ஆட்டம் காத்திருக்கிறது. 23 புள்ளிகள், மூன்று புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் கூடிப் புலியின் வழியை அடைக்கும். பட்டியல் இங்கே போதாது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இருக்கிறது என்று தனியே குறித்துவைக்க வேண்டும். கணினியியலில் அதற்கு வரைபு என்று பெயர். பஸ் வழித்தடமும் இணையமும் அதே வடிவந்தான். நேர்க்கோட்டில் அடுத்தடுத்து மூன்று புள்ளிகள் எவை என்ற பட்டியலும் வேண்டும், இல்லாவிட்டால் புலியால் தாண்ட முடியாது. மூன்று புலிக்கும் நகரவோ தாண்டவோ ஒரு வழியும் இல்லையா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும் ஒரு செயற்கூறு எழுதினால் ஆட்டத்தின் முடிவு கிடைத்துவிடும்.

கணினியையே ஒரு பக்கம் ஆடவைக்க வேண்டுமானால், 'நான் இதைச் செய்தால் எதிராளி எனக்கு மிகக் கெடுதலானதைச் செய்வான்' என்று முன்னோக்கிக் கணக்குப் போடும் முறை வேண்டும். அதன் கணித அடிப்படை ஜான் வான் நாய்மன் 1928இல் கொடுத்தது. சதுரங்கத்துக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கிளாட் ஷானன் 1950இல் எழுதினார்.

நம் ஆட்டத்துக்கு நேபாளத்தில் பாக்சால் என்று ஒரு பங்காளி இருக்கிறது: 25 புள்ளிகள், நான்கு புலி, 20 ஆடு. சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அதைக் கணினியில் முழுக்க அலசி, இருபுறமும் பிழையில்லாமல் ஆடினால் சமனில்தான் முடியும் என்று நிறுவினார்.

ஆடு புலி ஆட்டத்துக்கும் அதே அலசலைச் செய்து பார்க்கலாம். மூன்று புலிகளை 23 புள்ளிகளில் வைக்க 1,771 வழி. மிஞ்சிய 20 புள்ளிகளில் 15 வரை எத்தனை ஆடு வேண்டுமானாலும் நிற்கும் வழிகள் 10,42,380. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 185 கோடி அமைப்புகள். ஆட வேண்டியது புலியா ஆடா என்பதையும் சேர்த்தால் 370 கோடி. எல்லா ஆடுகளும் இறங்கி முடிந்த பிறகான ஆட்டத்துக்கு இதுவே மேல்வரம்பு. இத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்று ஓர் எண்ணை முடிவுசெய்துவிட்டால் அது வெகுவாகக் குறையும். பலகையின் இடது வலது சமச்சீரைப் பயன்படுத்தினால் இன்னும் கிட்டத்தட்டப் பாதி. ஒவ்வோர் அமைப்புக்கும் வெற்றி, தோல்வி, சமன் என்று குறிக்க இரண்டு பிட் போதும். ஆடுகள் இறங்கிய பிறகான ஆட்டம் முழுவதும் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பள்ளி ஆய்வகக் கணினி ஒன்றை இரவு பகலாக ஓடவிட்டால் முயன்று பார்க்கக்கூடிய அளவு. பைத்தானில் மெதுவாகப் போனால், பதினொன்றாம் வகுப்பில் படித்த சி பிளஸ் பிளஸுக்கு அங்கே வேலை வரும். புலிகளை முதலிலேயே மூன்றையும் வைப்பதா, ஒவ்வொன்றாக இறக்குவதா, எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடிவு என்பதில் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. ஆகவே கிடைக்கும் விடையும் மாறலாம். குண்டடத்து விதிக்கு ஒரு தடவை, தாராபுரத்து விதிக்கு ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.